குடம் பெயர்தல்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள மத்தியச் சட்டம் வழிவிட்டது 1978இல். கையெழுத்திட்டவர் ஜிம்மி கார்ட்டர். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை வரி கிடையாது. இவ்வளவு சொன்ன சட்டம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டது: பாதி நொதித்த ஜாடியை மாடியிலிருந்து கீழறைக்கு யார் தூக்குவது?

உள்ளே 19 லிட்டர். கண்ணாடியும் சேர்ந்தால் சுமார் 25 கிலோ. தூக்குகிறவரோ தன் முதுகைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; ஈஸ்ட் விழித்துவிடுமோ, ஆக்சிஜன் புகுந்துவிடுமோ என்று தொட்டில் குழந்தையைப்போல் ஏந்துகிறார். மூன்றாம் நாளில் ஈஸ்ட்டே கரியமில வாயுவை விட்டுக் காவல் போட்டிருக்கும். மெல்ல நகர்த்தினால் பீருக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால்தான் கரைந்த வாயு கிளம்பி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) வழியே நுரை தரைவிரிப்புக்கு வரும். (இட்லி மாவு பொங்கி வழிந்த அடுப்பு மேடையைத் துடைத்தவர்களுக்கு இது புதிதல்ல.)

பிளாஸ்டிக் வாளி என்றால் வேறு வேடிக்கை. தூக்கும்போது அது நெளிந்து, ஏர்லாக் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதனால் சிலர் ஏர்லாக்கில் தண்ணீருக்குப் பதில் வோட்கா ஊற்றுகிறார்கள். விழுந்தாலும் சொந்தக்காரன்தானே!

தூக்கியே தீருவேன் என்பவர்களுக்கு: கண்ணாடி ஜாடியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதலில் படிக்கட்டு விளக்கைப் போடுங்கள்.