வள்ளல் தந்தைக்கு ஒரு வாழ்த்து

பத்து வயது மகள் ஷட்டில் பழக ஆசைப்பட்ட மறுநாளே, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய பேட்டை வாங்கிக் கொடுத்த தந்தையே, நீங்கள் வாழ்க! டென்மார்க்கின் விக்டர் ஆக்சல்சென் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். உயரம் 194 செ.மீ. அவரைப் போன்றவர்களின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் என்று செய்த ரகத்தை, இன்னும் சர்வீஸ் போட வராத பிள்ளையின் கையில் கொடுத்தீர்கள். சாம்பியனுக்கும் சிறுமிக்கும் வேற்றுமை பாராத இந்தச் சமநோக்கு எத்தனை பேருக்கு வாய்க்கும்!

உங்கள் தாராளம் எடையிலேயே தெரிகிறது. 80 முதல் 84 கிராம் வரையுள்ள 4யூ பேட்டும், அதைவிட லேசான 5யூ பேட்டும் அங்கேயே தொங்கின. நீங்கள் 85 முதல் 89 கிராம் வரையுள்ள 3யூவைக் கேட்டு வாங்கினீர்கள். அதிலும் தலைப்பக்கம் கனத்ததாக, நடுத்தண்டான ஷாஃப்ட் வளையாததாகப் பார்த்து எடுத்தீர்கள். வளையாத ஷாஃப்ட், மின்னல் வேகத்தில் கையைச் சுழற்றுபவருக்கு அடியைக் குறி தப்பாமல் கொண்டுசேர்க்கும். மெதுவாக வீசும் கைக்கு, வளைந்து நிமிர்ந்து ஷட்டிலைத் தள்ளிவிடும் ஷாஃப்ட்தான் துணை. அந்தத் துணைகூட இல்லாமல், மகள் முழுக்கத் தன் சொந்த பலத்தில் நிற்க வேண்டும் என்று விரும்பினீர்கள். என்ன தன்மானம்!

ஸ்ட்ரிங் விஷயத்திலும் நீங்கள் சிக்கனம் பார்க்கவில்லை. “எத்தனை பவுண்டு சார் போடணும்?” என்று கடைக்காரர் கேட்டார். “பெரிய பிளேயருங்க என்ன போடுவாங்களோ அதையே போடுங்க” என்றீர்கள். 28 பவுண்டு ஏறியது. 20, 22 பவுண்டில் கட்டியிருந்தால் ஸ்ட்ரிங் கொஞ்சம் இளகி, ஷட்டிலைத் தானே எகிறச் செய்திருக்கும்; சற்றுத் தள்ளிப் பட்டாலும் அடி போயிருக்கும். இறுக்கிக் கட்டினால் நட்டநடுவில் பட்டால்தான் பலன். ஓரத்தில் பட்டால் ஸ்ட்ரிங் அறுவதும் சீக்கிரம். அறுந்தபோதெல்லாம் முகம் சுளிக்காமல் மறுபடி கட்டக் கொடுத்தீர்கள். உங்களால் ஒரு கடை செழிக்கிறது.

கோர்ட்டில் அவளைப் பார்த்தேன். ஷட்டிலைத் தூக்கி அடிக்கப் பேட்டை ஓங்குகிறாள். அது மேலே வந்து சேர்வதற்குள் ஷட்டில் அவள் தோளைத் தாண்டிவிடுகிறது. அடுத்தது பிரேமின் விளிம்பில் பட்டு வலைக்கு இந்தப் பக்கமே விழுகிறது. கைப்பிடி தடிமன், விரல்கள் முழுதாகச் சுற்றவில்லை. அதனால் நழுவிவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறாள். இறுக்கிப் பிடித்த கையில் மணிக்கட்டு திரும்புவதில்லை. நடுநடுவே இடது கையால் வலது முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறாள். “விளையாட்டுன்னா வலிக்கத்தாம்மா செய்யும்” என்று அந்த வயதிலேயே அவளுக்குப் பொறுமையைக் கற்பித்தீர்கள். அவளும் கற்றுக்கொண்டாள். இப்போது, “எனக்கு ஷட்டில் வராதுப்பா” என்று பொறுமையாகவே சொல்கிறாள். பேட் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. விலை உயர்ந்த பொருளைத் தேயாமல் காப்பதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான்!

உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் மனம் பொறுக்கவில்லை. குறை அவளிடம் இல்லை. அந்த பேட்டால்தான் ஷட்டில் வரவில்லை. அவளுக்கு 4யூ அல்லது 5யூ போதும். ஷாஃப்ட் நன்றாக வளைவதாக இருக்கட்டும். தலை கனக்காததாகப் பாருங்கள்: கைப்பிடியின் அடியிலிருந்து ஏறக்குறைய 29 செ.மீ. தூரத்தில் ஒரு விரல்மேல் வைத்தால் பேட் சாயாமல் நிற்க வேண்டும். ஸ்ட்ரிங் 20 முதல் 22 பவுண்டுக்குள் கட்டச் சொல்லுங்கள். அவள் பேட்டைப் பிடிக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கிரிப் சரி. இப்படிப்பட்ட பேட், நீங்கள் கொடுத்த விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். மிச்சத்தில் கணுக்கால் பிசகாமல் காக்கும் நல்ல நான்-மார்க்கிங் ஷூ வாங்குங்கள். பயிற்சிக் கட்டணமும் கட்டலாம்.

அடுத்த முறை கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். அவளைக் கூட்டிப்போய், பேட்டை அவள் கையில் கொடுத்து நாலு தரம் வீசச் சொல்லுங்கள். அவளுக்கு எது இலகுவாக இருக்கிறதோ, அதற்குப் பணம் கொடுங்கள்.