துறவியின் மூட்டை: டைனி கோர் லினக்ஸ் தன் உடைமைகளை இன்னொரு டிரைவில் வைப்பது குறித்து ஓர் ஆராய்ச்சி

இயல் 1: பொருளும் கருதுகோளும்

ஆய்வுப் பொருள் சிறிதாயின் ஆய்வேடு பெரிதாதல் வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகக் காத்துவரும் நெறி. அந்நெறிக்கு இழுக்கு வராதபடி, ஒரு மெலிந்த லினக்ஸ் தன் துணை மென்பொருள்களை வேறொரு டிரைவில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இக்கட்டுரை ஆராயப் புகுகிறது. இதனால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி வாய்மொழித் தேர்வின்போது எழுப்பத்தக்கதன்று.

டைனி கோர் என்பது ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கிய லினக்ஸ். முதல் பதிப்பு 2009-இல் வந்தது. அப்போது அது 10 மெகாபைட்டை ஒட்டி இருந்தது. சாளரமும் மவுஸும் கொண்ட வடிவம்கூட இன்றுவரை 30 மெகாபைட்டைத் தொடவில்லை. இதைச் சொல்லும்போது லினக்ஸ் அன்பர்களின் குரல் தழுதழுக்கும். உலாவி எங்கே, எழுத்துச்செயலி எங்கே, பாட்டு கேட்க என்ன இருக்கிறது என்று அப்போது கேட்கக்கூடாது. இல்லை. வேண்டியதை இணையத்திலிருந்து பொதி பொதியாக இறக்கி, ஒரு பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கின் ஓரத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் கருதுகோள் பிறக்கிறது. கோவணத்தோடு ஒரு துறவி முன்னே போகிறார். பத்தடி பின்னால் சீடன் ஒருவன் மூட்டையைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வருகிறான். மூட்டையில் கம்பளி, கமண்டலம், மருந்து, ஊறுகாய் எல்லாம் உண்டு. ஊரார் துறவியைத் தராசில் நிறுத்தி வியக்கிறார்கள். சீடனை நிறுத்தியவர் எவருமிலர். டைனி கோரின் எடைக்குறைவு உடைமைக் குறைவன்று, கணக்கெழுதும் முறை என்பதே இவ்வாய்வு நிறுவ விழைவது.

இயல் 2: முன்னோர்

அற்றேல், இவ்வழக்கம் புதிதோ எனின், அன்று. 1974-இல் டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் யூனிக்ஸ் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே சான்று கிடைக்கிறது. பெல் ஆய்வகத்துப் பிடிபி-11/45 கணினியில் 1 மெகாபைட் நிலைத்தலை வட்டு ஒன்றில் வேர்க் கோப்புறை இருந்தது. பயனர்களின் கோப்புகள் 40 மெகாபைட் பெரிய வட்டில் இருந்தன. கணினி எழும்போது அந்தப் பெரிய வட்டை மவுன்ட் செய்துகொள்ளும், அதாவது தன் கோப்புறைகளோடு இணைத்துக்கொள்ளும். இவை தவிர, கழற்றி மாட்டத்தக்க 2.5 மெகாபைட் வட்டுகளுக்கென நான்கு டிரைவுகள். பயனர்கள் தத்தம் வட்டைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். ஆக, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும் சீடர்கள் அன்றே வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

சின்ன வட்டில் இடம் போதாமல் கட்டளை நிரல்கள் பயனர் வட்டுக்குள் வழிந்ததால்தான் ‘பின்’ கோப்புறைக்கு ‘யுஎஸ்ஆர்’ கீழே இரட்டைப் பிள்ளை ஒன்று பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. வட்டுகள் பெருத்த பிறகும் அந்தப் பிரிவு பல்லாண்டு தொடர்ந்தது. காரணம் தெரியாதவர்கள் காரணம் கற்பித்தார்கள். ஃபெடோரா 17 வந்து 2012-இல் இரண்டையும் ஒன்றாக்கியது. இடமின்மையால் செய்ததைத் தத்துவமாக்கிக் காப்பாற்றுவது மனித குலத்துக்குப் பழக்கமான வேலை என்பதால் இதை நீட்டவில்லை.

ஷிங்கிள்டெக்கர் டைனி கோருக்கு முன் டேம் ஸ்மால் லினக்ஸில் உழைத்தவர். விசிட்டிங் கார்டு அளவுள்ள குறுவட்டுக்குள் அடங்கவேண்டும் என்று 50 மெகாபைட்டை எல்லையாக வைத்துக்கொண்ட அமைப்பு அது. அதைத் தொடங்கிய ஜான் ஆண்ட்ரூஸ் அதே பெயரை 2024-இல் உயிர்ப்பித்தபோது எல்லை 700 மெகாபைட், அதாவது முழுக் குறுவட்டு. இந்த ஒரு செய்தியை வைத்தே தனி முனைவர் பட்டம் வாங்கலாம். இவ்வாய்வாளர் பெருந்தன்மையாக அதைப் பிறருக்கு விடுகிறார்.

இயல் 3: மூட்டையின் உள்ளமைப்பு

கணினியை எழுப்பியதும் கெர்னலும் ‘கோர்.ஜிஇசட்’ என்னும் சுருக்கிய கோப்பும் ரேமில் ஏறுகின்றன. அவ்வளவுதான், அடிப்படை அமைப்பு முழுதும் ரேமில். அன்றாடக் கட்டளைகள் பெரும்பாலும் பிசிபாக்ஸ் என்ற ஒரே நிரலுக்குள் அடங்கியவை. ப்ரூஸ் பெரென்ஸ் 1995-இல் டெபியனை ஒற்றை ஃப்ளாப்பியிலிருந்து எழுப்புவதற்காக எழுதத் தொடங்கியது அது. ஒவ்வொரு முறை எழும்போதும் இந்த அமைப்பு நேற்று நடந்தது எதையும் அறியாத தூய நிலையில் எழுகிறது. அன்பர்கள் இதைப் பெரிய நன்மை என்கிறார்கள். நேற்று எழுதிய கடிதத்தைத் தேடுகிறவர்கள் வேறு சொல்கிறார்கள்.

மூட்டையின் பெயர் ‘டிசிஇ’. வேறு டிரைவில் இருக்கும் சாதாரணக் கோப்புறைதான். உள்ளே ‘ஆப்ஷனல்’ என்றொரு உட்கோப்புறை, அதில் ‘டிசிஇசட்’ பின்னொட்டுடைய பொதிகள். ஒவ்வொன்றும் ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் அமுக்கப்பட்டது. பிலிப் லவ்ஹர் 2002-இல் தொடங்கிய அந்த முறை, 2009-இல் கெர்னலின் 2.6.29 பதிப்பில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. படிக்கலாம், எழுத முடியாது. பொதிக்குப் பக்கத்தில், அது இயங்க வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்று சொல்லும் ‘டெப்’ கோப்பு. இதுதான் மூட்டை பெருக்கும் இரகசியம். குறிப்பு எழுத ஒரு சின்ன நிரல் போதும் என்று கேட்டவருக்கு அதற்கான எழுத்துரு நூலகம், அந்த நூலகத்துக்கான படநூலகம், அதற்கு வேண்டிய சுருக்கு நூலகம் என்று உறவுமுறை முழுவதும் வந்து இறங்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றை மட்டும் கேட்டால்கூடச் சீடனின் சுமை குருவின் உடல் எடையைத் தாண்டிவிடும்.

கவனிக்கவேண்டியது ஒன்று. இப்பொதிகள் மற்ற லினக்ஸ்களில் உள்ளதுபோல நிறுவப்படுவதில்லை. ‘ஆன்பூட்.எல்எஸ்டி’ என்ற எழுத்துக்கோப்பில் எந்தெந்தப் பெயர் இருக்கிறதோ அவை ஒவ்வொன்றும் எழும் நேரத்தில் மவுன்ட் செய்யப்படும். பிறகு பொதிக்குள் இருக்கும் கோப்புகளைச் சுட்டும் சிம்லிங்க்குகள் அமைப்பு முழுவதும் தூவப்படும். உலாவி தன்னிடம் இருப்பதாகக் கணினி நினைக்கிறது. இருப்பது உலாவியின் விலாசம்.

எனவே இரண்டாம் டிரைவ் வெறும் சேமிப்பு இடமன்று. திரை எரியும் நேரமெல்லாம் அது பிடியில் இருக்கவேண்டும். அதை அன்மவுன்ட் செய்யப் போனால், பயன்பாட்டில் இருக்கிறது என்று கெர்னல் மறுக்கும். கெர்னலிடம் கேளாமல் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போவதற்காகப் பென்டிரைவை உருவிச் செல்லும் குடும்ப உறுப்பினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அதன் விளைவு ஆராய்ச்சிக்குரியது. உடனே ஒன்றும் ஆகாது. ஏற்கனவே ரேமுக்குள் வந்த பக்கங்களை வைத்துக்கொண்டு உலாவி சிறிது நேரம் கண்ணியமாக ஓடும். பிறகு ஒரு மெனு திறக்காது, ஓர் எழுத்து வராது, முனையத்தில் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழைகள் வரிசையாகக் கொட்டும். ஆனால் பிசிபாக்ஸ் கட்டளைகள் அத்தனையும் வழக்கம்போல் வேலை செய்யும். துறவி எதையும் இழக்கவில்லை, ஏனெனில் எதுவும் அவருடையதாக இருந்ததில்லை. இந்த இடத்தில் தத்துவத் துறையினர் கைதட்டலாம். வேலையைப் பாதியில் விட்டவர் தட்டமாட்டார்.

இயல் 4: சீடனைக் கண்டுபிடித்தல்

மூட்டை எங்கே என்று, எழும்போது கெர்னலுக்குத் தரும் பூட் வரியில் சொல்லாவிட்டால், அமைப்பு கிடைக்கும் டிரைவுகளைத் துழாவி ‘டிசிஇ’ கோப்புறை உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். மறந்துபோய்ப் பின்பக்கம் செருகி விட்ட பழைய பென்டிரைவில் இன்னொரு ‘டிசிஇ’ இருந்தால், யாரோ ஒருவரின் சீடனோடு யாத்திரை தொடங்கிவிடும். இதைத் தவிர்க்க ‘டிசிஇ=எஸ்டிஏ1’ என்று எழுதலாம் என்பர் ஒரு சாரார். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை வந்த வரிசையில் ஒட்டும் பெயர்கள். இன்னொரு டிரைவ் முந்திக்கொண்டால் பெயர் மாறிவிடும். ஆகவே யுயுஐடி எழுதுவதே கற்றோர் வழக்கு. டிரைவின் பகுதிக்கு ஃபார்மட் செய்யும்போது பிறக்கும் அடையாள எண் அது. லினக்ஸ் கோப்புமுறைகளில் 32 பதினாறடிமான இலக்கங்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ‘பிஎல்கேஐடி’ கட்டளை காட்டும்.

இதற்கு மேல் ‘வெயிட்யுஎஸ்பி=5’ என்றொரு சொல்லும் உண்டு. யுஎஸ்பி டிரைவுகள் சோம்பல் முறித்து எழ நேரமெடுக்கும். ரேமில் இருப்பவருக்கோ அவசரம். அதனால் 5 நொடி நின்று வரும்படி எழுதி வைக்கவேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டால் மூட்டை வரவில்லை என்று முடிவு கட்டி, ரேமிலேயே ஒரு தற்காலிக ‘டிசிஇ’ கோப்புறையை அமைத்துக்கொண்டு கோவணத்தோடு உட்கார்ந்துவிடும். அதில் அன்று இறக்கியதெல்லாம் அணைத்ததும் போயிற்று. இது தெரியாமல் ஒவ்வொரு மாலையும் அதே உலாவியை இறக்கிக்கொண்டிருப்பவர்களை இணையச் சேவை நிறுவனங்கள் வாழ்த்துகின்றன.

இயல் 5: மும்மதங்கள்

மூட்டையை எப்படிக் கையாள்வது என்பதில் மூன்று மதங்கள் உண்டு. மேக மதத்தார் எதையும் சேமிப்பதில்லை, எழுந்தபின் வேண்டியதை இறக்கி, அணைக்கும்போது துறப்பார்கள். வேகமான இணையம் உள்ளவர்களின் துறவு இது. மவுன்ட் மதத்தாரை மேலே கண்டோம்.

காப்பி மதத்தார் ‘காப்பி2எஃப்எஸ்.எஃப்எல்ஜி’ என்ற வெறுங்கோப்பை ‘டிசிஇ’ கோப்புறையில் வைத்துவிடுவார்கள். உள்ளே ஓர் எழுத்தும் வேண்டாம், இருந்தாலே போதும். உடனே பொதிகள் அனைத்தும் எழும்போதே ரேமுக்குள் நகலாகும். பிறகு டிரைவை முறையாக அன்மவுன்ட் செய்து கழற்றிவிடலாம், ஜெராக்ஸ் கடைக்கும் போகலாம். எழுவதற்குக் கூடுதல் நேரமும், கொள்ளக் கூடுதல் ரேமும் வேண்டும். ஆனால் இம்மதத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது. சீடனின் மூட்டை முழுவதையும் துறவி விழுங்கிவிட்டால் அவர் எடை என்ன? இரண்டு பொதி மட்டும் நகலாகட்டும் என்பவர்களுக்கு ‘காப்பி2எஃப்எஸ்.எல்எஸ்டி’ உண்டு, அதில் பெயர் எழுதினால் போதும். இவ்வாய்வாளர் சாய்வது இந்தச் சமரசத்தின் பக்கம்: உலாவி ரேமில், மற்றவை மவுன்டில்.

சொந்தக் கோப்புகளோ, ‘ஃபைல்டூல்’ பட்டியலில் இருந்தால் அணைக்கும்போது ‘மைடேட்டா.டிஜிஇசட்’ என்று ஒரே முடிப்பாகி அதே டிரைவுக்குப் போகும். வீட்டுக் கோப்புறையில் திருமண வீடியோ இருந்தால் அணைக்க எவ்வளவு நேரமாகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. ‘ஹோம்=’ என்று பூட் வரியில் ஒரு டிரைவைக் காட்டிவிடுவது நலம்.

இயல் 6: தீராத முடிச்சுகள்

வயர்லெஸ் இணைப்புக்கு வேண்டிய நிரல்கள் துணைப்பொதிகள். துணைப்பொதிகளை இறக்க இணைப்பு வேண்டும். இதற்கெனவே, அவற்றையும் சேர்த்து வைத்த கோர்பிளஸ் என்ற பெருத்த வடிவத்தை வெளியிடுகிறார்கள். துறவியை வரவழைக்கவே முதலில் ஒரு சம்சாரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முடிச்சு விண்டோஸ் இருக்கும் கணினியில் வருகிறது. அங்கே இடமெல்லாம் என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்கும். மூட்டையை அங்கேயே வைத்துவிட்டால் என்ன என்று கை அரிக்கும். என்டிஎஃப்எஸ் டிரைவில் எழுதுவதற்கென்று காலங்காலமாக இருந்துவரும் ‘என்டிஎஃப்எஸ்-3ஜி’ ஒரு துணைப்பொதி. துணைப்பொதி மூட்டைக்குள். மூட்டை என்டிஎஃப்எஸ் டிரைவுக்குள். பூட்டிய பெட்டிக்குள் சாவி. தர்க்க நூலார் இதைச் சுழற்சிக் குற்றம் என்பர். இதற்குத் தீர்வு தர்க்கத்தில் இல்லை, பகுதி பிரிப்பதில் இருக்கிறது. ஹார்டு டிஸ்கின் கடைசியில் ஓரிரு ஜிகாபைட் ஒதுக்கி, ஈஎக்ஸ்டி4 என்று ஃபார்மட் செய்து, ‘டிசிஇ-செட்டிரைவ்’ கட்டளையை ஓட்டி அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. பழைய பென்டிரைவில் ஏற்கனவே பொதிகள் இருந்தால் ‘டிசிஇ’ கோப்புறையை அப்படியே அங்கே நகலெடுத்து, பூட் வரியில் யுயுஐடியை மாற்றிவிடுங்கள். பென்டிரைவிலுள்ள பழைய கோப்புறையின் பெயரையும் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் வரி மறந்துபோன ஒரு நாளில் இரண்டு சீடர்களும் வாசலில் வந்து நிற்பார்கள்.