இரண்டு மச்சான்கள், ஒரு சாவு

சோழர் வீட்டுக் கொலை என்றாலே எல்லோரும் காட்டுமன்னார்கோயிலுக்கு வண்டி கட்டிவிடுகிறார்கள். ஆதித்த கரிகாலன் கேஸ். அதை மர்மம் என்பதே எனக்குச் சம்மதமில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் போட்டு, சொந்தபந்தங்களின் நிலபுலனைப் பறித்தது வரை பொறித்து வைத்திருக்கிறார்கள். பாதிச் சார்ஜ் ஷீட் கல்லிலேயே இருக்கிறது.

அசல் மர்மம் அங்கிருந்து கொஞ்சம் மேற்கே, அரியலூர் மாவட்டத்து எல்லைக்குள் கிடக்கிறது. இடம் கங்கைகொண்ட சோழபுரம். ஆண்டு 1070. செத்தவன் அதிராஜேந்திர சோழன். முதலாம் ராஜராஜனின் கொள்ளுப்பேரன், கங்கையைக் கொண்டவனின் பேரன். தனியாக அரியணையில் உட்கார்ந்தது சில மாதம்தான். எப்படிச் செத்தான் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

கதை தீயில் தொடங்குகிறது. சோழர்களுக்கும் மேலைச் சாளுக்கியர்களுக்கும் துங்கபத்திரைக் கரையில் ஓயாத வரப்புத் தகராறு. அதிராஜேந்திரனின் பெரியப்பா ராஜாதிராஜன் கல்யாணபுரத்தைச் சூறையாடி, ஒரு துவாரபாலகர் சிலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். களவாடியவன் அடையாளத்தை அழிப்பான். இவன் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்தது என்று பீடத்திலேயே பொறித்துவிட்டான். சிலை இன்றும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறது. 1054-ல் கொப்பத்தில் அவன் யானைமேலேயே செத்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அதே போர்க்களத்தில் முடிசூடிக்கொண்டான். அண்ணன் உடம்பு ஆறும்வரைகூடக் காத்திராத குடும்பம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தம்பி வீரராஜேந்திரன், அதிராஜேந்திரனின் அப்பா. 1068-ல் சாளுக்கிய ஆகவமல்லன் தீராத காய்ச்சலோடு துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டான். அவன் மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் பட்டத்துக்கு வந்த சூட்டோடு வீரராஜேந்திரன் போய்க் கம்பிலி நகரத்தைக் கொளுத்திவிட்டு, கரடிக்கல்லில் வெற்றித்தூண் நட்டுவிட்டு வந்தான். எரிந்த ஊரில் யார் வீடு போனது, யார் மாடு போனது என்று மெய்க்கீர்த்தி சொல்வதில்லை. மெய்க்கீர்த்திக்கு அது வேலையுமில்லை.

இளையவன் விக்கிரமாதித்தன் என்ன செய்தான்? அண்ணனோடு முறைத்துக்கொண்டு நேரே சோழனிடம் வந்தான். வீரராஜேந்திரன் தன் மகளைக் கட்டிவைத்தான். தன் ஊரைக் கொளுத்திய வீட்டிலேயே பெண் எடுத்தவன் என்ற பெருமை இந்த மாப்பிள்ளைக்கு உண்டு.

1070-ல் மாமனார் கண்ணை மூடினார். சோழநாட்டில் கலவரம். இங்கே முதல் சாட்சி வருகிறார்: பில்ஹணர். ஊர் காஷ்மீரம், உத்தியோகம் விக்கிரமாதித்தன் அரசவையில் கவிஞர். அவர் எழுதிய விக்கிரமாங்கதேவ சரிதம் நூற்றாண்டுக் கணக்கில் ஜெய்சல்மேர் சமணர் நூலகத்தில் தூங்கி, 1874-ல் ஜார்ஜ் பியூலர் என்ற ஜெர்மானியர் கையில் சிக்கியது. வாக்குமூலத்தின் சாரம் இது: எங்கள் ராஜா காஞ்சிக்குப் போய்க் கலகக்காரர்களை அடக்கினார், கங்கைகொண்ட சோழபுரம் வந்து மச்சானை அரியணையில் உட்கார வைத்தார், ஒரு மாதம்போலத் தங்கினார், ஊர் திரும்பினார். சில நாளில் சேதி வந்தது: மறுபடி கலகம், மச்சான் காலி, வேங்கி ராஜிகன் அரியணையில்.

அதாவது, கொலை நடந்தபோது எங்கள் ஆள் ஊரிலேயே இல்லை. சம்பளம் கொடுப்பவனைப் பற்றி வேறு எப்படி எழுதுவார்?

ராஜிகன் என்று அவர் சொல்வது நாம் பாடப்புத்தகத்தில் படித்த முதலாம் குலோத்துங்கனைத்தான். அதிராஜேந்திரனுக்குச் சொந்த அத்தை அம்மங்கை தேவியின் மகன். இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டியவன். ஆக, எப்படிச் சுற்றினாலும் இவனும் மச்சான்தான். அப்பா போனதும் வேங்கி நாட்டைச் சித்தப்பா விஜயாதித்தன் எடுத்துக்கொண்டதால் கையில் அரியணை இல்லை. சோழ அரியணை காலியான 1070-லேயே, ஜூன் மாதம், ஏறி உட்கார்ந்தவன் சுமார் 50 ஆண்டு இறங்கவில்லை.

இவன் பக்கத்துச் சாட்சி ஜெயங்கொண்டார். கலிங்கத்துப்பரணியில் அதிராஜேந்திரன் பெயரே கிடையாது. நாடு தறிகெட்டுக் கிடந்தது, அபயன் என்கிற குலோத்துங்கன் வந்தான், ஒழுங்கானது, அவ்வளவுதான். கொலையா என்ற கேள்வியே எழாமல் செய்ய, செத்தவன் பிறக்கவே இல்லை என்பதுபோல எழுதிவிடுவது நல்ல உத்தி.

மூன்றாவது கட்சி, கொலையே இல்லை என்கிறது. கும்பகோணம் பக்கம் கூகூர்ச் சிவன் கோயிலில், ராஜா நோய் தீர வேண்டி நாள்தோறும் இருமுறை திருப்பதிகம் பாட ஏற்பாடு செய்த கல்வெட்டு இருக்கிறது. சதாசிவ பண்டாரத்தார் இதைப் பிடித்துக்கொண்டு, நோயால்தான் இறந்தான் என்று கேஸை மூடுகிறார். நான்காவது வைணவர் மரபு. ராமானுஜரைத் துரத்தி, கூரத்தாழ்வான் கண் போகக் காரணமான 'கிருமிகண்ட சோழன்' இவன்தான் என்று சிலர். இல்லை, குலோத்துங்கன்தான் என்று வேறு சிலர். பாவம், செத்தும் பழி.

என்னைக் கேட்டால் நோயும் நிஜம், கலகமும் நிஜம். படுத்த படுக்கையாய் ஒரு ராஜா, வாசலில் கூட்டம், அரியணை இல்லாமல் ஓர் அத்தை மகன். வாளே வேண்டியதில்லை, வைத்தியருக்குக் கதவு திறக்க அரை நாழிகை தாமதமானால் போதும். நிரூபிக்க முடியாது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பட்டத்துக்கு வந்தவன் பிற்பாடு சுங்கத்தை நீக்கி 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேர் வாங்கினான். வரி குறைந்த ஊரில் முந்தின ராஜா எப்படிப் போனான் என்று எவன் கேட்பான்?

தடயம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பெரம்பலூரும் அரியலூரும் 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்த பங்காளிகள். அதில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதைச் சோழ வம்சம் கவனிக்க வேண்டும். அரண்மனை இருந்த இடத்துக்கு மாளிகைமேடு என்று பேர். தொல்லியல் துறை தோண்டியதில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் வந்தன. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர்மேல் ஓர் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது. மீதிச் செங்கல்லை ஊர்க்காரர்கள் எப்போதோ பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். கோயில் மதில் கல்லையும் கோபுரத்துக் கல்லையும் 1836-ல் வெள்ளைக்காரன் கொள்ளிடத்துக் கீழணைக்குக் கொண்டுபோய்விட்டான். தடயத்தை அணையில் போட்டு மேலே தண்ணீரும் விட்ட கேஸ் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு டீக்கடை.

"அண்ணே, இங்கே அதிராஜேந்திரன்னு ஒருத்தரைக் கொன்னுட்டாங்களாமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எந்தத் தெரு?"

"மாளிகைமேட்டுப் பக்கம். ஆச்சு, தொள்ளாயிரத்தம்பது வருஷம்."

டீயை ஓர் ஆற்று ஆற்றிக் கிளாஸை நீட்டினார். "சொத்துத் தகராறா?"

"ஆமா."

"அப்ப மச்சான்காரன்தான். சர்க்கரை போதுமா பாருங்க."