சோக்கும் சரணாகதியும்: திருமலைக் கடைவிளக்கு குறித்த ஓர் ஆராய்ச்சி

1. எல்லை

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தை, அதாவது திருப்பதி மலையை, வைத்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. இவ்விரண்டையும் பற்றி அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். மலைமேலும் அடிவாரத்திலும் கருகமணி, கறுப்புக் கயிறு, பெருமாள் படம் விற்கும் கடைகளில் தொங்கும் நாலடி டியூப்லைட் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "சோக் போயிந்தி" என்று ஒரு கடையிலும் "சோக் போயிடுச்சு" என்று அடுத்த கடையிலும் ஒரே எலக்ட்ரீஷியன் தீர்ப்புச் சொல்லும் வட்டாரம் இது. தீர்ப்புக்குப் பின் சோக்கை மாற்றுவதா, விளக்கையே மாற்றுவதா என்பதே நம் ஆய்வுப் பொருள்.

2. உறுப்பியல்

டியூப்லைட்டுக்கு உறுப்பு ஐந்து: பட்டி, ஹோல்டர், சோக், ஸ்டார்ட்டர், டியூப். ஸ்டார்ட்டர் சுற்றை மூடித் திறக்கும். அந்தக் கணத்தில் சோக் ஓர் உதை கொடுக்கும். குழலுக்குள் பாதரச ஆவி புறஊதாக் கதிரை உமிழும். உட்பூச்சு அதை வெளிச்சமாக்கும். எரியத் தொடங்கியபின் ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. கழற்றிவிட்டாலும் விளக்கு எரியும். ஆகவே ஒரே ஸ்டார்ட்டரைக் கொண்டு வரிசையாகப் பல பட்டிகளை எழுப்புவாரும் உளர். இது சிக்கனம் என்பர் ஒரு சாரார். கஞ்சத்தனம் என்பர் மறு சாரார். சாட்சியங்களைப் பார்த்தால் இருவரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள்.

நோய்க்குறிகள் மூன்று. கண் சிமிட்டினால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர். ரீங்கரித்தால் சோக்கின் இரும்புத் தகடுகள் தளர்ந்துவிட்டன. முனை கறுத்தால் டியூபுக்கு வயதாகிவிட்டது. மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றே: ஸ்டூல்மேல் ஏறி டியூபை இடமும் வலமும் திருகுதல். பின்கள் ஹோல்டரில் சரியாகப் படாததே பாதி நோய் என்பதால் இந்த மருந்து பலிப்பதும் உண்டு. பலித்த பெருமை திருகியவரைச் சேரும்.

3. இரு கலைகள்

சரணாகதி பற்றிய வைணவத்தின் பழைய வழக்கொன்று இங்கே கைகொடுக்கிறது. தாய்க்குரங்கைக் குட்டிதான் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விச் செல்லும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். பழுதுபார்ப்போர் மர்க்கடக் கட்சி. ஐந்து உறுப்பில் நான்கு போனாலும் ஐந்தாவதை விடாமல் பிடித்துக்கொள்வர். அப்பனுக்குப் பின் மகன் காலத்தில் எல்லா உறுப்பும் மாறியிருக்கும். "அப்பா போட்ட லைட்" என்ற பேர் மாறாது. புதிது மாட்டுவோர் மார்ஜாரக் கட்சி. எல்.இ.டி. பேட்டனிடம் முழுச் சரணாகதி அடைந்தவர்கள். அதில் கடைக்காரர் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. போனால் முழுதாகப் போகும், வந்தால் முழுதாக வரும். பழைய பட்டியிலேயே சோக்கை விலக்கி எல்.இ.டி. டியூபை மாட்டும் சமரசவாதிகளும் உண்டு. இரு கட்சியும் இவர்களை நம்புவதில்லை.

4. மீட்டர் பிரமாணம்

வாதம் போதும், கணக்குக்கு வருவோம். பழைய 40 வாட் டியூப் தன் கம்பிச் சோக்கோடு 50 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். 20 வாட் பேட்டன் ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும். மிச்சம் 30 வாட். திருமலையில் சுப்ரபாதத்துக்குமுன் விழித்து ஏகாந்த சேவை தாண்டி உறங்கும் கடையில் விளக்கு 20 மணி நேரம் எரிவதாகக் கொள்வோம். ஒரு விளக்குக்கு மாதம் 18 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 144 ரூபாய். சில நூறு ரூபாய் பேட்டன் சில மாதத்தில் தன் விலையைத் தானே கட்டிவிடும். அதே கடையின் கிடங்கில் நாளுக்கு ஒரு மணி நேரம் எரியும் விளக்குக்கு மிச்சம் ஒரு யூனிட்கூட இல்லை.

இனிதான் விபரீதம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் டியூபின் முனைப்பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. அதனால்தான் ஆயுள் சோதனையிலும் 165 நிமிடம் எரித்து 15 நிமிடம் அணைத்துப் பார்க்கிறார்கள். அணைக்காமல் எரியும் கடைவிளக்கு மங்குமே தவிர எளிதில் சாகாது. பெட்டி எடுக்க ஒரு தரம், வைக்க ஒரு தரம் என்று தட்டப்படும் கிடங்கு விளக்கு அற்பாயுளில் போகும். அதாவது மாற்ற வேண்டிய விளக்கு பழுதாவதில்லை. பழுதாகும் விளக்கை மாற்றிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதோ பழுது. ஆகவே அவர் எப்போதும் தவறான விளக்கின் கீழேயே ஸ்டூல் போடுகிறார்.

5. காலக்கெடு

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, டியூப்லைட் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2027-ஐ இறுதிக் கெடுவாக வைத்தன. உள்ளே பாதரசம் இருப்பதால், போன டியூபைக் குப்பையில் உடைக்கலாகாது. 2016-இன் மின்கழிவு விதிகளே அதைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டன.

6. துணிபு

கடையில் நன்றாக எரிவதைக் கழற்றுக; கிடங்கில் எரியாததைப் பழுதுபார்க்க. கழற்றிய சோக்கும் ஸ்டார்ட்டரும் டியூபும் கிடங்குக்கு உதிரியாகும். 2027-க்குப் பிறகும் சில காலம் ஓடும். இதில் மர்க்கடத்துக்கும் நட்டமில்லை, மார்ஜாரத்துக்கும் மனத்தாங்கல் இல்லை. "எரியிற லைட்டை எவனாவது கழட்டுவானா சாமி?" என்று கடைக்காரர் கேட்பார். தர்க்க நூல்களில் இதற்கு விடை இல்லை. மாதக் கரண்ட் பில்லில் இருக்கிறது; அதை அவர் தமிழிலும் படிக்கமாட்டார், தெலுங்கிலும் படிக்கமாட்டார், கட்டிவிட்டு வந்துவிடுவார்.