போட்ட ஊசி பலித்ததா?

கேள்வி: இயற்பியல், சுகாதாரம், வேளாண்மை என்று எத்தனை ஆராய்ச்சிகள்! எங்கள் பக்கம் நடந்த ஒன்றாவது உலகத்துக்கு உதவியதா?
– வாசகர், செவிலிமேடு

பதில்: உதவியது, தோற்றதால்! காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 2.5 லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காத்த பி.சி.ஜி., இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. 1979-ல் ஆராய்ச்சியாளர்கள் அந்த முடிவை அப்படியே வெளியிட்டார்கள். 'இந்தச் சேலை சாயம் போகும்' என்று சொல்லி விற்கும் கடை உங்கள் ஊரில் உண்டா?

ஆனாலும், குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோயை அந்த ஊசி தடுப்பதால் இன்றும் போடுகிறார்கள். தோளைத் தடவிப் பாருங்கள், தழும்பு இருக்கலாம்.