கோப்பின் கோத்திரம் கேட்ட மேன்மைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கச்சேரி சாலைக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே இயங்கும் ஒரு வரைபட அலுவலகம், மயிலாப்பூர்.

பெறுநர்: வரைபடங்களைப் பெற்றுக்கொள்ளும் மேலான அதிகாரி அவர்கள். (அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. அடுத்த ஃபைலும் உங்கள் மேசைக்குத்தான் வரவேண்டும்.)

பொருள்: கோப்பின் கோத்திரக் குறைபாடு – மன்னிப்பு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் உதவியாளர் மானிட்டரைத் திருப்பிக் காட்டிய செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஐயா,

எங்கள் கோப்பைத் திறந்ததும் தங்கள் திரையில் எழுந்த எச்சரிக்கைப் பெட்டிக்காக முதலில் மன்னிப்புக் கோருகிறேன். தங்கள் உதவியாளர் அதை மனத்துக்குள் படித்துவிட்டு மூடியிருக்கலாம். பொதுச்சேவையில் ஊறியவர் அல்லவா, மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பி, "லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர்ல பண்ணிருக்கீங்க" என்று வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி அறிவித்தார். பக்கத்தில் எங்கள் கிளையன்ட். அடையாறு காந்தி நகரில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "ஏன் சார், திருட்டு சாஃப்ட்வேரா? உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றார்.

ஜி.எஸ்.டி. கட்டி வாங்கிய ரசீது பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். "இது வேற சாஃப்ட்வேர் பில்லு சார்" என்றார் உதவியாளர். மறுக்க முடியுமா? வேறு சாஃப்ட்வேர் வாங்கினால் வேறு சாஃப்ட்வேரின் பில்தானே வரும்.

செட்பேக் எவ்வளவு விட்டிருக்கிறோம், மாடிப்படி எத்தனை அடி அகலம், மழைநீர்த் தொட்டி எங்கே, இந்த அற்பங்கள் எதிலும் தாங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் கோப்பு என்ன கோத்திரம்? கபாலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டோடு நின்றால் குருக்களும் இதையேதான் கேட்பார். தெரியாது என்று விழித்தால் 'சிவ கோத்திரம்' என்று தாமே போட்டுக்கொண்டு மேலே போய்விடுவார். கபாலிக்கு உள்ள தாராளம் டிடபிள்யூஜி கோப்புக்குக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது.

அந்தப் பெட்டியின் வம்ச வரலாற்றைத் தாங்கள் அறியாதிருக்க நியாயமில்லை. இருந்தாலும் பணிவோடு நினைவூட்டுகிறேன். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 1982-ல் வந்தது. டிடபிள்யூஜி அதன் சொந்தக் கோப்பு வடிவம். அதன் உள்ளமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிடவில்லை. நாள்போக்கில் ஊரில் உள்ள கட்டடம், பாலம், பைப்லைன் எல்லாம் அதற்குள்ளேயே குடியேறிவிட்டதால், மற்ற மென்பொருள்காரர்கள் 1998-ல் ஒரு கூட்டணி அமைத்து, கோப்பைப் பிரித்துப் பார்த்துப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். முந்தின வருடமே வந்துவிட்ட 'ஆட்டோகேட் 2007' பதிப்பில் ஆட்டோடெஸ்க் ஒரு ரகசிய முத்திரையைக் கோப்புக்குள் வைத்தது. முத்திரை இருந்தால் நம் பிள்ளை. இல்லாவிட்டால், இதை எங்கள் மென்பொருளோ எங்களிடம் உரிமம் பெற்ற மென்பொருளோ சேமிக்கவில்லை என்று பெட்டி எழும்பும். அந்த முத்திரையையும் கூட்டணி எழுதக் கற்றுக்கொண்டதும், 2006 நவம்பரில் வழக்கு. 2007-ல் சமரசம்: கூட்டணி முத்திரையை விட்டது, ஆட்டோடெஸ்க் எச்சரிக்கையின் வாசகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கியது. 'டிடபிள்யூஜி' என்ற மூன்றெழுத்தையே தன் வணிகக்குறியாகப் பதிய அந்த நிறுவனம் கேட்டபோது அமெரிக்க வணிகக்குறி அலுவலகம் தர மறுத்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு 2020-ல் அதே கூட்டணியில் ஆட்டோடெஸ்க்கும் உறுப்பினராகச் சேர்ந்துகொண்டது. சம்பந்திகள் கைகுலுக்கிப் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. தாங்கள் மட்டும் இன்னும் வாசலில் நின்று கோத்திரம் விசாரிக்கிறீர்கள்.

அந்தப் பெட்டியை எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் தன் சரக்கைக் காக்கிறார், வியாபாரி. 'எங்களிடம் உரிமம் பெறாத' என்பதிலிருந்து 'எங்களிடம்' என்பதை உருவிவிட்டு மக்களுக்கு வாசித்துக் காட்டியது தங்கள் அலுவலகம்.

பரிகாரத்தையும் தங்கள் உதவியாளரே அருளினார்: "வெளியே எங்கயாவது ஆட்டோகேட்ல ஓப்பன் பண்ணி, ஒரு சேவ் போட்டு எடுத்துட்டு வாங்க." தி.நகரில் ஏ1 தாளில் ப்ளாட் எடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் இருக்கிற ஆட்டோகேட் எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவில்லை, கடைக்காரத் தம்பி தானாகவே சிரித்துக்கொண்டு, "கிராக் தான் சார், எல்லாரும் இதான்" என்றார். திறந்தார். சேமித்தார். ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. அந்தக் கோப்பைத் தாங்கள் திறந்தபோது பெட்டி வரவில்லை. உதவியாளர் முகம் மலர்ந்து, "இப்ப ஒரிஜினல்" என்றார்.

அதாவது ஐயா, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் பிறந்த கோப்பு குலம் கெட்டது. திருட்டு மென்பொருள் ஞானஸ்நானம் செய்துவைத்த கோப்பு சத்கோத்திரம். பில் வைத்திருந்தவன் வரிசையில் தலைகுனிந்து நின்றான், கிராக் போட்டவனின் முத்திரை ராஜமரியாதையோடு உள்ளே போயிற்று. திரையில் வந்த ஒரு வாக்கியத்தை முழுசாகப் படிக்கக்கூட முடியாத அலுவலகம், நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மாவின் முன்னால் என்னைத் திருடனாக்கியது. தெருப்பெயர்ப் பலகைகளிலிருந்து சாதியை எடுத்த ஊர் இது. கோடும் வட்டமும் எந்த வீட்டில் பிறந்தன என்று கேட்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். வெயில். தங்கள் அறையின் ஏ.சி.யை நினைத்துக்கொண்டதும் தணிந்துவிட்டேன்.

ஆட்டோகேட்டையே வாங்கிவிட வேண்டியதுதானே என்று தாங்கள் கனிவோடு கேட்கலாம். 2016-லிருந்து அதை ஒரேயடியாக விலைக்கு வாங்க வழியில்லை, சந்தாதான். சந்தா தீர்ந்த மறுநாள் நமக்கும் கோத்திரம் தீர்ந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர். வருகிற வேலை எல்லாம் இருபதுக்கு முப்பது வீடுகளும், கடைக்குப் பின்னால் ஒரு கழிவறையும்தான்.

இலவச மென்பொருளுக்குப் போனேன், அங்கே ஆசாரம் இன்னும் கடுமை. டிடபிள்யூஜியைப் படிக்க 'லிப்ரெ டிடபிள்யூஜி' என்று ஒரு நிரல்தொகுப்பு இருக்கிறது, அதன் உரிமம் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு. 'லிப்ரெகேட்' என்ற இலவச வரைபட மென்பொருளின் உரிமம் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. இரண்டும் பரம தர்மவான்கள், பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை முறை. ஆனால் சட்டப்படி இருவரையும் ஒரே பந்தலில் உட்காரவைக்க முடியாது. லிப்ரெ டிடபிள்யூஜியின் உரிமத்தைத் தளர்த்தித் தரச்சொல்லி கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைக் கேட்டார்கள், அறக்கட்டளை மறுத்துவிட்டது. கடைசியில் லிப்ரெகேட்காரர்கள் தங்களுக்கென்று தனியாகவே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். இன்னொரு இலவச மென்பொருளான 'ஃப்ரீகேட்', முன்பு சொன்ன கூட்டணியின் கோப்பு மாற்றியைத் தனியே இறக்கிப் போட்டுக்கொள் என்கிறது. எங்களிடம் வேலை பழகும் பெண் அரசு கொடுத்த மடிக்கணினியில் கம்ப்யூட்டர் கற்றவள். சென்னை சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அதில் இருந்தது. அவள் ஃப்ரீகேட்டில் அழகாக வரைகிறாள். அரசு கொடுத்த கணினியில் வரைந்ததை அரசு வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, டீ வாங்கிவரப் போய்விட்டேன்.

2010 நவம்பரில் மத்திய அரசு மின் ஆளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை அறிவித்தது. அரசுக் கணினிகள் பேசிக்கொள்ளும் வடிவம் ராயல்டி இல்லாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது தங்கள் மேசைக்கு வரும் வழியில் ஏதோ ஒரு பீரோவில் இளைப்பாறுகிறது என்று நம்புகிறேன்.

ஆகவே தாழ்மையான கோரிக்கை. கட்டடத்துக்கென்றே ஐ.எஃப்.சி. என்று ஐ.எஸ்.ஓ. தரம் பெற்ற பொது வடிவம் இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளலாம். அது பெரிய காரியம் என்றால் வரைபடப் பரிமாற்ற வடிவமான டி.எக்ஸ்.எஃப்., அதுவும் கஷ்டம் என்றால் பி.டி.எஃப். எதுவுமே இயலாது என்றால், தங்கள் ஆட்டோகேட்டிலேயே 'டிடபிள்யூஜிசெக்' என்று தட்டி 0 கொடுத்தால் அந்தப் பெட்டி எழாது. கமிட்டி வேண்டாம், டெண்டர் வேண்டாம், கோப்புக் குறிப்பு வேண்டாம். உதவியாளர் தட்டத் தயங்கினால் நான் நேரில் வந்து தட்டித் தருகிறேன்.

தங்கள் மேலான முடிவு வரும்வரை எங்கள் கோப்புகள் எல்லாம் தி.நகர் வழியாகவே தங்களிடம் வந்துசேரும். கடைக்காரத் தம்பி மாதாந்தரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கோத்திரம் விசாரணையில் உள்ள வரைவாளர்.