ஒழுகு கூரையும் பொருள்வயிற் பிரிவும்: கால்பந்து ரசிகர் வழக்காற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை என்பதே இவ்வாய்வின் தேவையாகும். ஏன் நிகழவில்லை என்று நெறியாளரிடம் கேட்டபோது, "யாருக்கும் தேவைப்படாததால்" என்றார். அவ்வரிய கருத்தை நல்கியமைக்காக அவர் பெயர் இக்கட்டுரையின் முதலாசிரியராகச் சேர்க்கப்பட்டது. முதல் பக்கத்தில் பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அப்பெயர் அவராலேயே நீக்கப்பட்டது.

ஆய்வுச் சிக்கல் வருமாறு. ஒரு கால்பந்து கிளப்பின் மைதானம் பழசாகிவிடுகிறது. இருக்கிற இடத்திலேயே இடித்துக் கட்டிப் பெரிதாக்குவதா, விட்டுவிட்டு வேறு இடம் போவதா? இவ்வளவு சின்ன கேள்விக்கு இவ்வளவு பெரிய சண்டை வேறெங்கும் நடந்ததுண்டா எனின், உண்டு. இக்கட்டுரைத் தலைப்பில் 'வயின்' என்று போடுவதா, 'வயிற்' என்று போடுவதா என்று எங்கள் துறையில் ஒரு பருவம் முழுதும் நடந்தது. இருவர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

ஆய்வு எல்லை: மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானம். பிற கிளப்புகள் துணைமைச் சான்றுகள். நிதிநல்கை கிட்டாமையால் கள ஆய்வு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தும், இரண்டாம் பாதியில் பெரும்பாலும் படுத்தும் மேற்கொள்ளப்பட்டது.

பந்து சங்க இலக்கியத்தில் உண்டு. ஆகவே கால்பந்தும் உண்டு. கால் ஏற்கெனவே இருந்தது. இதற்கு மேல் இதை நிறுவ வேண்டியதில்லை. இதைவிடக் குறைவாக நிறுவியவர்கள் விருது வாங்கியிருக்கிறார்கள்.

இனி வரலாறு. ஓல்ட் டிராஃபர்டில் யுனைடெட் குடிபுகுந்த நாள் 1910 பிப்ரவரி 19. முதல் ஆட்டமே லிவர்பூலிடம் 3-4 என்று தோல்வி. கிரகப்பிரவேசத்தன்றே பால் திரிந்த கதை. வாஸ்து அறிஞர் கவனிக்க. இடித்துக் கட்டு என்போரும் விட்டுப் போ என்போரும் இந்த இடத்தைப் 'பூர்வீக வீடு' என்றே சொல்கிறார்கள். ஆனால் யுனைடெட் அங்கே வந்ததே ஓரிடத்தை விட்டுவிட்டுத்தான். அதற்கு முன் கிளேட்டன் பகுதியில், பேங்க் தெருவில், ரசாயன ஆலைப் புகைக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஜான் ஹென்றி டேவிஸ் என்ற மதுபான ஆலை அதிபர் பணம் போட, ஆர்ச்சிபால்ட் லீச் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்க, புது மைதானம் எழுந்தது. விட்டுவந்த பேங்க் தெரு ஸ்டாண்டு அதே மாதம் அடித்த புயலில் சரிந்தது. 'போகாதே' என்று 1909-இல் ஒருவர் மறித்திருந்தால், அந்தக் கொள்கை அவர் தலையிலேயே விழுந்திருக்கும்.

கோட்பாட்டுக்கு வருவோம். மேலைக் கோட்பாடு எதையாவது பொருத்துமாறு நெறியாளர் பணித்தார். தேவை எழவில்லை. தலைவன் பொருள் தேடித் தலைவியைப் பிரிந்து செல்வதைத் தொல்காப்பியம் பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. தலைவன், கிளப். தலைவி, ரசிகர். புறப்பட எழுந்த தலைவன் அவள் முகம் பார்த்துத் தயங்கி நிற்பது செலவழுங்குதல். இங்கே அதற்குப் பெயர் கருத்துக்கேட்பு. தோழி, ரசிகர் சங்கம். செவிலி, 'உன் தாத்தா காலத்திலிருந்தே அந்த வரிசைதான் நமக்கு' என்று சொல்லும் அப்பா.

பரத்தை? கண்ணாடி அறையில் அமர்ந்து, இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆன பிறகும் தட்டை விட்டு எழாத பெருநிறுவன விருந்தினர். இதற்கு அகச்சான்றே உண்டு. 2000-ஆம் ஆண்டில் அணித்தலைவர் ராய் கீன், சொந்த மைதானத்துக் கூட்டத்தில் சிலர் இறால் சாண்ட்விச்சில்தான் குறியாக இருக்கிறார்கள் என்று வாய்விட்டே சாடினார். ஆய்வாளரை இது தூங்கவிடவில்லை. பரத்தை மருதத்துக்கு உரியவள்; இறாலோ நெய்தல் கருப்பொருள். திணைமயக்கம் என்று தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் தாண்டிப் போனால் இரண்டாவது கட்டுரைக்குப் பொருள் இராது. எனவே இது 'மருத நிலத்து இறால்: ஒரு மறுவாசிப்பு' என்ற தனிக் கட்டுரையாக விரியும், கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வு கிடைத்தால் நலம்.

உரிப்பொருள் ஐந்தும் ரசிகரிடம் காணப்படும். இருத்தல்: 'இங்கேயே இரு' என்போர். பிரிதல்: 'கிளம்பு' என்போர். ஊடல்: சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் புதுப்பிப்போர். இரங்கல்: வெஸ்ட் ஹாம் ரசிகர். புணர்தல்: 2024-25 பருவத்தில் யுனைடெட் 15-ஆம் இடத்தில் முடிந்ததால் எடுத்துக்காட்டு கிட்டவில்லை.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான ஒழுக்கியல்.

2024 மே 12. ஆர்சனல் வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டது. நம் ஊரில் இரவு மணி பதினொன்று. மான்செஸ்டரில் மழை கொட்டுகிறது. கூரையின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் அருவியாக விழுகிறது. சொட்டு அல்ல, ஒழுக்கு அல்ல, குற்றாலம். கீழே காலி இருக்கைகள்மேல் விழுந்து தெறித்து, படி படியாக இறங்கி ஓடுகிறது. கேமரா அதை விட்டு நகர மறுக்கிறது. ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்தார்.

ஒழுகு என்னும் பகுதியிலிருந்தே ஒழுக்கு, ஒழுக்கம் என்னும் இரண்டும் பிறந்தன. திணை என்பதற்கு ஒழுக்கம் என்றே உரை காண்பர். எனவே கூரை ஒழுகுவது கட்டடப் பழுதன்று, திணைக்குரிய நிகழ்வு. கூரைக்கு உள்ளே ஒழுகின் அகவொழுக்கம். வெளியே ஒழுகின் புறவொழுக்கம். அதனை மழை என்றும் ஒருசார் மக்கள் வழங்குவர். பக்கத்து இருக்கைக்காரர் தலை காய்ந்திருக்க, தன் தலையில் மட்டும் ஒழுகுவது கைக்கிளை. ஒருதலை என்று முன்னோர் குறித்தது இதுவே. மழை நின்று அரைமணி கழித்தும் ஒழுகுவது பெருந்திணை.

இவ்விடத்தில் அறிஞர் இரு பள்ளியாகப் பிரிவர். ஒழுகுவதாலேயே போக வேண்டும் என்பது முதற்பள்ளி (கிழக்கு ஸ்டாண்டு, மூன்றாம் வரிசை, பெயர் நனைந்துவிட்டது). ஒழுகுவதும் மரபே, என் அப்பாவும் நனைந்தார் என்பது இரண்டாம் பள்ளி (மேற்படி ஸ்டாண்டு, மேற்படி வரிசை, ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பேசியதால் பாதி கேட்கவில்லை). இரண்டாமவர் கூற்றை அவர் மைத்துனர் மறுத்தார். அம்மறுப்பை அவர் மறுத்ததும், அதன்மேல் மைத்துனர் சட்டைக் காலரைப் பிடித்ததும், இருவருக்கும் பொதுவாகப் பின்வரிசைப் பெரியவர் 'உட்காருங்கய்யா, கோல் கிக்' என்று சொன்ன விளக்கமும் சேர்ந்து இத்துறையின் மூவருரை எனப்படும். மூலம், ஆட்டநாள் மலர் ஒன்றின் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டது. மழையில் எழுத்துக் கரைந்த இடங்களை நாமே நிரப்பிக்கொண்டோம். நிரப்பியது எது, மூலம் எது என்று குறிக்கவில்லை. நம் பதிப்பாசிரியர் சிலர் வகுத்துத் தந்த நெறி அது.

ஒழுக்குக்கு மருந்து என்ன? 2025 மார்ச்சில் பழைய மைதானத்தின் பக்கத்திலேயே ஒரு லட்சம் பேர் அமரும் புது அரங்கு கட்டும் திட்டத்தைக் கிளப் அறிவித்தது. வரைந்தவர்கள் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனத்தார். மதிப்பீடு 200 கோடி பவுண்டு. படத்தைப் பார்த்த ஆய்வாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அரங்கு முழுதுக்கும், வெளிமுற்றத்துக்கும் சேர்த்து மேலே ஒரு பிரம்மாண்டமான குடை! கூரை ஒழுகுகிறது என்றார்கள்; ஊருக்கே குடை பிடித்துவிட்டார்கள். புறப்பொருளில் அரசன் குடையைப் பாடும் குடைமங்கலம் என்ற துறை இருக்கிறது. இவர்கள் அதை 200 கோடிக்குப் பாடியிருக்கிறார்கள். குடையைத் தாங்க மூன்று கம்பங்கள், உயரமானது 200 மீட்டர். மூன்றையும் சேர்த்துச் சூலம் என்று திட்டத்தாரே அழைக்கிறார்கள். கிளப்பின் செல்லப்பெயரோ சிவப்புச் சாத்தான்கள். சர்க்கஸ் கூடாரம் என்று சிலர் சிரித்தார்கள். அவர்களுக்குக் கோட்பாட்டுப் பயிற்சி போதாது. பாகங்களை 160 துண்டுகளாக வேறிடத்தில் செய்து கப்பல் கால்வாய் வழியே கொண்டுவரலாம் என்பது ஃபாஸ்டரின் யோசனை. பொருள்வயிற் பிரிந்த தலைவன் கலத்தில் செல்வதும் உண்டு. வீடே கலத்தில் வருவது புதிது.

ஏன் பழையதையே பெரிதாக்கவில்லை? சுமார் 74,000 பேர் அமரும் அம்மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம் போகிறது. மற்ற பக்கமெல்லாம் அடுக்கு ஏறியிருக்க, அந்தப் பக்கம் மட்டும் ஒற்றை அடுக்கோடு நிற்கிறது. சமயத்தில் உண்மை இவ்வளவு சுருக்கமாக இருந்து ஆய்வாளரின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

பிற கிளப்புகளில் இவ்வழக்கு எவ்வாறு என்பது இனி. கோயில் திருப்பணியின்போது மூர்த்தியை ஓரமாக எழுந்தருளச் செய்யும் பாலாலய முறையை வழுவாமல் பின்பற்றியது டாட்டன்ஹாம்: ஒயிட் ஹார்ட் லேனை 2017-இல் மூடி, வெம்ப்லியில் காத்திருந்து, பழைய இடத்திலேயே 2019-இல் குடமுழுக்கு. ஆர்சனல் 2006-இல் ஹைபரியை விட்டுப் பக்கத்திலேயே நகர்ந்தது. பழைய ஸ்டாண்டு முகப்புகள் அப்படியே நிற்க, உள்ளே அடுக்குமாடி வீடுகள் வந்தன. ஆட்டக்களம் தோட்டமாயிற்று. கோபுரம் இருக்கிறது, கருவறையில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். வெஸ்ட் ஹாம் ஒலிம்பிக் அரங்குக்குப் போய் ஓட்டப்பாதைக்கு அப்பாலிருந்து ஆட்டம் பார்க்கிறது. மேலே சொன்ன இரங்கல் இதுவே.

எவர்ட்டன் கதை தனி. அவர்கள் முன்பு ஆடியது ஆன்ஃபீல்டில். வாடகைத் தகராறில் 1892-இல் பெட்டி படுக்கையோடு வெளியேறிக் குடிசன் பார்க்குக்குப் போனார்கள். காலியான வீட்டுக்காக வீட்டுக்காரர் ஜான் ஹோல்டிங் புதிதாக ஒரு கிளப்பையே தொடங்கினார். அதுதான் லிவர்பூல். வாடகைச் சண்டை போட்டால் எதிரி பிறப்பான் என்பதற்கு உலக வரலாற்றில் வேறு சான்றில்லை. பார்வையை மறைக்கும் தூண்களைத் திட்டிக்கொண்டே நூறாண்டுக்கு மேல் குடிசனில் ஆட்டம் பார்த்தவர்கள், 2025 மே மாதம் கடைசி ஆட்டத்தன்று அழுதார்கள். இடிக்கவும் இல்லை, அது பெண்கள் அணியின் மைதானமாயிற்று. ஆண்கள் அணி மெர்சி ஆற்றங்கரைக்கு, ஒரு சட்ட நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அரங்குக்குப் போய்விட்டது.

ஆய்வின் கருதுகோளுக்கு இடைஞ்சலான ஒரு சான்றையும் நேர்மை கருதிச் சேர்க்கிறேன். நெறியாளர் நீக்கச் சொன்ன பத்தி இது. 1941-இல் ஜெர்மானியர் குண்டு போட்டதில் ஓல்ட் டிராஃபர்ட் சிதைந்தது. போர் முடிந்து 1949 வரை யுனைடெட் 'சொந்த' ஆட்டங்களை ஆடியது பரம எதிரி மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோட்டில். 1910-இல் கட்டியதில் இன்று எஞ்சியிருப்பது வீரர்கள் களத்துக்கு வந்த பழைய நடுச் சுரங்கவழி ஒன்றுதான். வெளியே மூலையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மேலே 1958 பிப்ரவரி 6, கீழே மியூனிக். அன்றைய விமான விபத்தில் இறந்த 23 பேரில் எட்டுப் பேர் அணியின் வீரர்கள். போவதா இருப்பதா என்ற வாதத்தில் மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் அந்தக் கடிகாரத்தை எங்கே கொண்டுபோய் மாட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் முதல்முறையாக நிறுத்துகிறார்கள். இதற்குத் துறைப்பெயர் தேடினேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கருத்துக்கேட்பின் முடிவு: பாதிக்குச் சற்று மேல் புது அரங்கு, மூன்றில் ஒரு பங்கை ஒட்டிப் பழையதையே சீராக்குவது, மற்றவர் தெரியவில்லை என்றனர். மூன்றாம் பிரிவினர் அனைவருக்கும் கௌரவ முனைவர் பட்டம் வழங்கலாம். எங்கள் துறையில் அந்த விடையை எவரும் எழுதியதில்லை.

200 கோடிக்குக் குடை அறிவித்த அதே பருவத்தில் கிளப் தன் ஊழியர் உணவகத்தை மூடிப் பழம் தருவதாகச் சொன்னது. மீதமிருந்த டிக்கெட்டுகளைச் சிறுவர், முதியோர் சலுகையை எடுத்துவிட்டு 66 பவுண்டாக்கியது. பொருள்வயிற் பிரிவில் பொருள் யார் பையிலிருந்து போகிறது என்பதை உரையாசிரியர்கள் விளக்காமல் விட்டது பெருங்குறை.

வாய்மொழித் தேர்வுக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். கேள்விகளைக் கூரையோடு நிறுத்திக்கொள்ளவும். ஓல்ட் டிராஃபர்ட் ரசிகர் கேட்கும் கேள்வியை என்னிடம் கேட்க வேண்டாம். திட்டம் அறிவித்த அன்று குடையின் உயரம் சொன்னார்கள், கம்பங்களுக்குப் பெயர் சொன்னார்கள், ஐந்தாண்டில் முடியும் என்றும் சொன்னார்கள். குடைக்குக் கீழே ஓர் இருக்கை என்ன விலை என்று சொல்லவில்லை.